எத்தனை லோடு வந்தது, யாராவது எண்ணினீர்களா?

மனைப்பிரிவு நலச் சங்கங்களின் வரவு செலவு பற்றியும் உள் ரோடுகள் பற்றியும் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிய புகார். அவற்றை ஒதுக்கிவிட்டேன். மீதியில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: வங்கியில் 31 வருஷம் காசாளர். ஓய்வு பெற்ற பிறகு, தாம்பரத்துக்குக் கிழக்கே 142 மனைகள் கொண்ட எங்கள் லேஅவுட்டில் ஒன்பது வருஷம் பொருளாளர். நான் இன்ஜினியர் இல்லை. ரோடு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர் வீட்டு ஐயா சொல்லிக்கொடுத்தது. அவர் நெடுஞ்சாலை வேலைகளுக்கு எம்-புக், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், எழுதியே முடி நரைத்தவர்.

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சி எல்லைக்குள் எங்கள் லேஅவுட் இருக்கிறது. மனை விற்ற புரமோட்டர் மண் ரோட்டில் கொஞ்சம் ஜல்லி கொட்டிவிட்டுப் போய்விட்டார். ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். வீட்டுக்குப் பத்தாயிரம் வீதம் ஆறு லட்சம் சேர்த்துவிட்டோம். நாங்களே தார் ரோடு போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பணத்தை வங்கியிலேயே வைத்திருங்கள். முதலில் அந்த ரோடு யாருடையது என்று பாருங்கள்.

அங்கீகாரம் பெற்ற லேஅவுட் என்றால், இறுதி ஒப்புதலுக்கு முன்பே ரோடுகளையும் பூங்கா இடத்தையும் புரமோட்டர் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ரோடு போகும் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகியிருந்தால் அது ஊராட்சியின் ரோடு. உங்கள் வாசலில் இருப்பதால் உங்களுடையது ஆகிவிடாது. எழுத்தில் அனுமதி வாங்காமல் அதில் நீங்கள் தார் ஊற்றினால், நாளைக்குக் குழாய் பதிக்கத் தோண்டும்போது ஒரு வார்த்தை கேட்க முடியாது.

அங்கீகாரமே இல்லாத பழைய லேஅவுட் என்றால் கதை வேறு. ரோடு இன்னும் புரமோட்டர் பெயரிலோ, அவருக்கு முன்னால் நிலம் வைத்திருந்தவர் பெயரிலோ இருக்கும். 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் லேஅவுட் அதில் வந்ததா, ரோடு ஒப்படைக்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊராட்சியின் ரோடுதான் என்று தெரிந்துவிட்டால், உங்கள் ஆறு லட்சத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. மீதியை அரசு போடும். அதாவது ஆறு லட்சத்தைப் பங்காகக் கட்டினால் பதினெட்டு லட்சம் வரைக்கும் வேலை எடுக்கலாம். அந்த வருஷம் ஒதுக்கீடு இருக்கிறதா, உங்கள் வேலையைச் சேர்ப்பார்களா என்பது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கு நடந்தால்தான் தெரியும். நடங்கள். கிராம சபைக் கூட்டம் வருஷத்துக்கு ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோடு வேண்டும் என்று அதில் தீர்மானம் ஏறட்டும். நாலு பேராகப் போகாதீர்கள், நாற்பது பேராகப் போங்கள். எங்கள் லேஅவுட்டில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூடுகிற கூட்டம் கிராம சபைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 84 வீடுகள். பொருளாளர் தன் சொந்த ஜிபே எண்ணில்தான் சந்தா வாங்குகிறார். இரண்டு வருஷமாகக் கணக்கு காட்டவில்லை. கேட்டால், “என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்கிறார். நல்ல மனிதர், கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். எப்படிக் கேட்பது? — கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மணி என்று உங்கள் ஊர்ப் பக்கம் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அம்மணி, திருடுபவரைப் பிடிப்பது சுலபம். கணக்கு எழுதத் தெரியாத நல்லவர்தான் கஷ்டம்.

நான் பொறுப்பேற்றபோது எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான். ஒரு துணிக்கடைப் பையில் ரசீதுகளும் ரூபாய் நோட்டும் கலந்து கொடுத்தார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், ரூ.4,350 குறைந்தது. லேஅவுட்டில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பத்து நாள் கழித்து அவர் மனைவி சொன்னார்: மழையில் கழிவுநீர் எதிர்த்துப் பொங்கியபோது ராத்திரி பதினோரு மணிக்குக் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டாராம், அந்த லாரிக்காரரிடம் ரசீது கிடையாதாம். லாரிக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம், உண்மைதான். அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஒரு வவுச்சரில் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் மானம் போயிருக்காது.

அதனால் “கணக்கு காட்டுங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். “சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறப்போம்” என்று ஆரம்பியுங்கள். சங்கம் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா? ஆகியிருந்தால் பதிவுச் சான்று, துணைவிதி, பொதுக்குழுத் தீர்மானம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் கணக்கு திறக்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். அந்தக் கணக்குக்கு ஒரு கியூ.ஆர். அட்டை வாங்கி வாட்ச்மேன் அறையில் ஒட்டுங்கள். அந்த மாதத்திலிருந்து சொந்த எண்ணுக்கு யாரும் அனுப்ப வேண்டாம். பழைய இரண்டு வருஷக் கதை அப்புறம் தானாகத் தெளியும். அவருடைய ஜிபே வரலாறும் வங்கி அறிக்கையும் இருக்கின்றனவே, இரண்டு பேர் உதவிக்கு உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. உதவிக்குப் போங்கள், விசாரணைக்குப் போகாதீர்கள். அதற்கும் அவர் மறுத்தால் பொதுக்குழு கூட்டிக் கேட்பது உங்கள் உரிமை. ஆண்டுக் கூட்டமும் தணிக்கை செய்த கணக்கும் பதிவான சங்கத்துக்குச் சட்டப்படி கட்டாயம்.

அப்புறம் மாதா மாதம் ஒரே ஒரு தாள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் இருப்பு. அந்த இருப்பும் பாஸ்புக் இருப்பும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். வங்கியில் சாயந்திரம் கேஷ் டேலி ஆகாவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போக மாட்டோம், குறைந்ததைக் கைக்காசு போட்டு நிரப்பிவிட்டுப் போன நாளும் உண்டு. அந்தப் பழக்கத்தில், முதல் வருஷம் சங்கத்தில் ரூ.350 இடித்தபோது நானே போட்டேன். மூன்று மாதம் கழித்து அது ரசீதுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு அடிக்கட்டையில் கிடைத்தது. சங்கக் கணக்கில் அப்படிச் செய்யக் கூடாது. இடிக்கிறது என்றால் இடிக்கிறது என்றே எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: காலி மனைக்காரர்கள் சந்தா கொடுப்பதே இல்லை. “நான் அங்கே குடியே இல்லையே” என்கிறார்கள். சிலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். என்ன செய்வது? — திருச்சி

பதில்: எங்கள் 142-ல் 46 காலி மனை. அதனால் இந்த வலி எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. குப்பை அள்ளுவதற்கும் வாட்ச்மேனுக்கும் குடியிருப்பவர்தான் கொடுக்க வேண்டும். ரோடு அப்படி இல்லை. ரோடு போட்ட மறுநாள் அவர் மனையின் விலைதான் முதலில் ஏறுகிறது. நாங்கள் சந்தாவை இரண்டாகப் பிரித்தோம்: மாதம் ரூ.300 பராமரிப்பு, வீட்டுக்காரர்களுக்கு மட்டும். ரூ.100 ரோடு நிதி, மனை வைத்திருக்கும் எல்லோருக்கும். பிரித்த வருஷமே 46 பேரில் 29 பேர் ரோடு நிதி கட்டினார்கள்.

கட்டாதவர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. கட்டியவர்களின் மனை எண்களை ஒட்டுங்கள். கட்டாதவர் தன் எண்ணை அதில் தேடிப் பார்த்துக்கொள்வார். கேட்டைப் பூட்டுவது, தண்ணீரை நிறுத்துவது இரண்டும் வேண்டாம். தானம் கொடுத்த ரோடு பொது ரோடு, அதில் யாரையும் மறிக்க முடியாது.

அமெரிக்காவில் இருப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் பணம் நம் ஊர்ப் பணம்தான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நன்கொடையாக ஐம்பதாயிரம் அனுப்புகிறேன் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நிதி. ஆசையாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மெயின் ரோடு ஆயிரம் அடி நீளம், பதினெட்டு அடி அகலம். 30 மி.மீ. தார் போடுவதாகக் கான்ட்ராக்டர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். உண்மையிலேயே 30 போடுகிறாரா, 20 போட்டுவிட்டுப் போகிறாரா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்தேன் போல!

முதலில் நான் ஏமாந்த கதை. 2011-ல் எங்கள் முதல் ரோடு. கான்ட்ராக்டர் ஐப்பசி முதல் வாரத்தில் வந்தார். தீபாவளிக்கு முன்னால் ரோடு பளபளவென்று இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கும் அவசரம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார். நான் மோர் கொடுத்தேன், பாராட்டினேன், முழுப் பணத்துக்கும் செக் கொடுத்தேன். கார்த்திகை மழையில் ஓரங்கள் அப்பளம் மாதிரி பெயர்ந்தன. பெயர்ந்த துண்டை எதிர் வீட்டு ஐயா கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் புழுதி ஒட்டியிருந்தது. தடிமன் ஒரு விரலுக்கும் குறைவு. “அம்மா, எத்தனை லோடு வந்தது, எண்ணினீங்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கட்டு கட்டாக நோட்டு எண்ணிய கை, லாரியை எண்ணவில்லை.

2019-ல் இரண்டாவது முறை போட்டபோது எண்ணினோம். அந்தக் கணக்கை உங்கள் ரோட்டுக்கே போட்டுக் காட்டுகிறேன். 1000 அடிக்கு 18 அடி என்றால் 18,000 சதுர அடி, அதாவது 1,672 சதுர மீட்டர். 30 மி.மீ. தடிமனால் பெருக்கினால் 50 கன மீட்டர். நன்றாக உருட்டி இறுகிய தார்க் கலவை ஒரு கன மீட்டர் 2.3 முதல் 2.4 டன் இருக்கும். ஆக உங்கள் ரோட்டுக்கு 115 முதல் 120 டன் வந்தாக வேண்டும். 80 டன்தான் வந்தது என்றால் அவர் 20 மி.மீ. போட்டுவிட்டார், வேறு சோதனையே வேண்டாம்.

ஒவ்வொரு லோடுக்கும் எடை மேடைச் சீட்டு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கான்ட்ராக்டர் சொல்லும் மேடை வேண்டாம், வழியில் நீங்கள் சொல்லும் மேடை. ஏற்றியபடி ஒரு எடை, கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை. முகப்பில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டி எண், நேரம், எடை மூன்றையும் நோட்டில் எழுதட்டும். எங்கள் லேஅவுட்டில் அந்த வேலையைச் செய்தது பத்தாம் வகுப்பு லீவில் இருந்த ஒரு பெண். ஒரு லோடு சீட்டில்லாமல் உள்ளே வந்தபோது இறக்க விடமாட்டேன் என்று லாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். கமிட்டி ஆண்கள் யாரும் அப்படி நின்றிருக்க மாட்டார்கள்.

எடை சரியாக வந்தாலும் கலவை ஆறிப்போய் வந்தால் வீண். கொட்டும்போது 130 டிகிரிக்குக் குறையக் கூடாது. கடையில் கிடைக்கும் லேசர் வெப்பமானியைப் பிடித்தால் தெரிந்துவிடும். கருவி இல்லாவிட்டால் கண்ணால் பாருங்கள்: நல்ல கலவை கருகருவென்று மினுங்கி, குவியல் கொஞ்சம் சரியும். ஆறியது மங்கலாக, கட்டி கட்டியாக நிற்கும். ஆறியதைத் திருப்பி அனுப்புங்கள். ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் அது இறுகாது. ரோலர் ஏறுமுன் கம்பி குத்திப் பார்த்தால் 37, 38 மி.மீ. இருக்க வேண்டும். உருட்டின பிறகுதான் அது 30 ஆகும்.

அதற்கு முந்தைய வேலைதான் நாங்கள் முதல் தடவை கோட்டை விட்டது. பழைய ரோட்டைத் துடைப்பத்தால் அல்ல, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டேக் கோட், அதாவது பழைய ரோட்டையும் புதுத் தாரையும் ஒட்டவைக்கும் பசை. எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளிக்கும்போது காபி நிறத்தில் இருக்கும், கொஞ்ச நேரத்தில் கறுப்பாகும். கறுப்பான பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். சதுர மீட்டருக்குக் கால் கிலோ என்று வைத்தால் உங்கள் ரோட்டுக்கு 400 கிலோ சொச்சம், 200 கிலோ பீப்பாய் இரண்டு. காலிப் பீப்பாயை எண்ணிக்கொள்ளுங்கள். குழிகளை அடைப்பது தனி வேலை. குழியைச் சதுரமாக வெட்டி, ஈர மண்ணை எடுத்து, வெட் மிக்ஸ் (தண்ணீர் விட்டுக் கலந்த ஜல்லிக் கலவை) போட்டு இறுக்கி, அதற்கு மேல்தான் தார். குழியோடு குழியாக மேலே பூசிவிட்டால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே குழி.

ரோட்டின் நடு, ஓரத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்பார் எதிர் வீட்டு ஐயா. உங்கள் 18 அடி ரோட்டில் நடுவிலிருந்து ஓரம் 9 அடி, ஆகவே இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான வாட்டம். நூல் கட்டிப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் ஓரத்துக்கு வந்து எங்கே போகும்? கால்வாய் இல்லாவிட்டால் முதலில் கால்வாய்க்குப் பணம் ஒதுக்குங்கள், தார் அடுத்த வருஷம் போடலாம். தாரைக் கொல்வது வண்டியைவிட அதிகமாகத் தேங்கிய தண்ணீர்தான்.

பழைய ரோட்டுக்கு மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தினால் வீட்டு வாசல் பள்ளமாகும். மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளரே துறைகளுக்கு உத்தரவு போட்டார். அதை மில்லிங் என்பார்கள். சின்ன லேஅவுட்டுக்கு அந்த இயந்திரம் வர யோசிக்கும், வாடகை அதிகம். பக்கத்து இரண்டு லேஅவுட்டோடு சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தோம் நாங்கள்.

மாதம் தை முதல் ஆனிக்குள். ஐப்பசியில் ஆரம்பிக்கிறேன் என்பவரிடம் பொங்கல் கழித்து வரச் சொல்லுங்கள். பில்லில் பத்து சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பிடித்து வையுங்கள். முணுமுணுப்பார்கள், ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் நமக்கு வேண்டியவர் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ஆளுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்று வசூலிப்பதில் சண்டை. மூலை மனைக்காரர் இரண்டு பக்கம் ரோடு வைத்திருக்கிறாரே, அவர் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாமா? — மதுரை

பதில்: மூலை மனையை விடுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு, முகப்பு அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தால் மூன்று பொதுக்குழு வீணாகும். மனைக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். இரண்டு மனை சேர்த்து வீடு கட்டியவருக்கு இரண்டு பங்கு.

சண்டை வருவதே மொத்தமாகக் கேட்பதால்தான். 2019-ல் எங்களுக்கு ஆன செலவு ரூ.8,10,000. தார் ரோடு ஏழு வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொண்டேன். ஏழால் வகுத்து, 142-ஆல் வகுத்து, பன்னிரண்டால் வகுத்தால் மனைக்கு மாதம் 68 ரூபாய் வருகிறது. விலை ஏறும் என்று 100 ஆக்கினோம். எல்லோரும் கட்டினால் ஏழு வருஷத்தில் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் கட்டவில்லை, அது வேறு. மாதம் நூறு ரூபாயைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, அதைச் சொல்கிறேன். அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில், பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் தொட முடியாதபடி வைப்பு நிதியாக இருக்கிறது. வைக்காவிட்டால் பொங்கல் விழாவுக்குப் பந்தலாக மாறிவிடும். ஒரு வருஷம் மாறப் பார்த்தது.

கேள்வி: இந்தப் பணத்துக்கெல்லாம் ஜி.எஸ்.டி., வருமான வரி உண்டா?

பதில்: சுருக்கமாக: ஒரு உறுப்பினரிடம் மாதம் ரூ.7,500 வரை வாங்கும் பராமரிப்புக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. சங்கத்தின் மொத்த வரவு வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் என்றால் பதிவே தேவையில்லை. ஒரே மாதத்தில் ரோட்டுக்கு எட்டாயிரம் வாங்கினாலும் மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை கவலை இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் சேர்த்துத் தங்களுக்கே செலவழிக்கும் சந்தாவுக்குப் பொதுவாக வருமான வரி வராது. ஆனால் வைப்பு நிதி வட்டிக்கு வரும். 2013-ல் பெங்களூரு கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வங்கி வட்டியைப் பற்றி அதைத்தான் சொன்னது. பல சங்கங்கள் மறப்பது டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடிப்பது: பதிவான சங்கம் கான்ட்ராக்டருக்கு ஒரே பில்லில் ரூ.30,000-க்கு மேல் கொடுத்தால், தனிநபர் என்றால் ஒரு சதவீதம், நிறுவனம் என்றால் இரண்டு சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு வருமான வரித் துறையிடம் டான் எண் வாங்க வேண்டும். மற்றதை ஆடிட்டரிடம் விடுங்கள். வருஷம் ஐயாயிரம் ஆடிட்டருக்குக் கொடுக்க அழுகிற சங்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தார் வேண்டாம், பேவர் பிளாக் போடலாம் என்கிறார் எங்கள் தலைவர். எது நல்லது? — ஓசூர்

பதில்: இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை, குடிநீர்க் குழாய் பதிக்கவில்லை என்றால் பேவர் பிளாக். எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கலாம். கார் மட்டும் போகும் குறுக்குத் தெருவுக்கு 60 மி.மீ. போதும், லாரி வரும் ரோட்டுக்கு 80. அடியில் மணல் படுக்கை சமமாக இருக்க வேண்டும். இரண்டு ஓரமும் கெர்ப் கல்லால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஓரக் கல்லை மிச்சம் பிடித்தவர்களின் தெரு ஒரு வருஷத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஆகியிருக்கிறது. தண்ணீர் நிற்கும் தாழ்வான தெரு, வேறு வழியே இல்லை என்றால் சிமென்ட் கான்கிரீட். செலவு கூட, ஆனால் தண்ணீருக்குப் பயப்படாது. போட்ட மறுநாளுக்குள், கண்டபடி விரிசல் விழாமலிருக்க, குறுக்கே இடைவெளி வெட்டினார்களா, இரண்டு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு நனைத்தார்களா என்று பாருங்கள். சாக்கு காய்ந்தால் கான்கிரீட் வெடிக்கும்.

கேள்வி: புது ரோட்டில் வீடு கட்டுபவர்களின் ஜல்லி லாரியும் தண்ணீர் லாரியும் ஏறி நாசமாகிறது. தடுக்கலாமா?

பதில்: தடுக்க முடியாது, அவரும் வீடு கட்ட வேண்டுமே. நீங்கள் கட்டும்போதும் லாரி வந்ததுதானே? 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் தண்ணீர் மட்டும் பன்னிரண்டு டன். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டி ரோட்டைச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. அதனால் பெரிய லாரி ஒன்றுக்குப் பதில் சின்ன லாரி இரண்டு வரச் சொல்வது நிஜமாகவே பயன் தரும்.

நாங்கள் வீடு கட்ட ஆரம்பிப்பவரிடம் ரூ.15,000 முன்பணம் வாங்குகிறோம். பொதுக்குழுத் தீர்மானம் போட்டு, ரசீது கொடுத்து, அவர் வாசல் முன்னால் ரோட்டை அன்றைக்கே போட்டோ எடுத்து வைக்கிறோம். கிரகப்பிரவேசத்தன்று திருப்பிக் கொடுக்கிறோம், சேதம் இருந்தால் ஒட்டும் செலவு போக. ரோட்டில் கான்கிரீட் கலக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. ஒரு வீட்டுக்காரர் அதையும் மீறினார். அவர் வீட்டு விழாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ரூ.6,200 பிடித்துக்கொண்டு மீதிக்குச் செக் கொடுத்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

கேள்வி: என் கணவர் போன மாதம் சங்கச் செயலாளர் ஆனார். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட போன் நிற்பதில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. ராஜினாமா செய்யச் சொல்லட்டுமா? — பெயர் வேண்டாம்

பதில்: ராஜினாமா வேண்டாம், அடுத்து வருபவர் வீட்டிலும் உங்களைப் போல ஒருத்தி இருப்பாள். புகார் நோட்டு ஒன்று வாங்கி வாட்ச்மேன் அறையில் நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். தண்ணீர், கரன்ட், திருட்டு தவிர மற்ற எதற்கும் போன் கிடையாது, நோட்டில் எழுதலாம், சனிக்கிழமை சாயந்திரம் ஐந்திலிருந்து ஆறுவரை அவர் அங்கே உட்கார்ந்து பதில் சொல்வார். எங்கள் லேஅவுட்டில் இதை ஆரம்பித்த முதல் வாரம் நோட்டில் பதினேழு புகார். மூன்றாவது வாரம் நாலு. அதில் ஒன்று, நோட்டோடு கட்டியிருந்த பேனாவைக் காணவில்லை என்பது.